வலப்பக்கத்து இருக்கை

1

அடக்கம் முடிந்து எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது ஒருவன் சொன்ன ஒரே வாக்கியத்திலிருந்து இந்தக் கதை வந்தது. அவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். எழுதாமல் இருப்பதுதான் எங்கள் குடும்பத்துக்கு நல்லது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

இறந்தவன் தேவசிகாமணி. என் அண்ணன் ஏசுராஜின் மகன். விமானம் ஓட்டியவன். ஏற்காட்டிலிருந்து விமானம் ஓட்டப் போன முதல் ஆள் அவன்தான். [இதைச் சரிபார்க்க வேண்டும் என்று ஓரத்தில் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். எங்கள் குடும்பம் ஒன்றைச் சொன்னால் சரிபார்க்க வேண்டியதில்லை.]

அதைச் சொன்னவனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கல்லறைத் தோட்டத்தில் எல்லோருக்கும் பின்னால் நின்றவன், வீட்டில் நேராக என்னிடம் வந்தான்.

"நான் சார்கிட்ட கோ-பைலட்டா இருந்தேங்க. அப்புறம் கொஞ்ச நாள் சார் என்கிட்ட இருந்தாரு."

அவன் தோளைப் பிடித்து வீட்டுக்குப் பின்னால், மிளகுக்கொடிப் பக்கம் அழைத்துப் போனேன். மரியாதைக்காக அல்ல. அந்த வாக்கியத்தின் இரண்டாம் பாதி வேறு யார் காதிலும் விழக்கூடாது என்பதற்காக.

அவன் பெயர் ஜேசுதாஸ்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"சேர்வராயன் கோயில் உச்சியின் மேல் மேகம் ஒதுங்கி வழிவிட, கேப்டன் தேவசிகாமணி தன் கம்பீரமான கரங்களால்—"

இல்லை. அவன் கை அப்படிப்பட்டதல்ல. அப்பனைப் போலவே குட்டை விரல்கள்.

இரண்டாவது:

"ஏசுராஜின் வீட்டில் வேதத்துக்கு அடுத்தபடி மதிக்கப்பட்டது வரிசை."

இது நிற்கும். இதிலிருந்து போகலாம்.

எங்கள் தகப்பனார் கீழ்நாட்டிலிருந்து காப்பிப் பழம் பறிக்க வந்தவர். அண்ணன் நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட் ஆபீசில் எடுபிடியாகச் சேர்ந்து, கணக்கெழுதும் ரைட்டராகி, கடைசியில் ஹெட் ரைட்டர் ஆனார். அந்த நாற்காலியில் முன்னால் இருந்தவர் எழுந்திருக்கும்வரை தலைமுடி நரைக்கக் காத்திருந்தார். நடுவில் பக்கத்து எஸ்டேட்டில் கூப்பிட்டார்கள். போகவில்லை. "மொற வரும். மொற வாரதுக்கு முந்தி எலையில கைய வெக்கிறவன் பந்தியில உக்காரத் தகுதியில்லாதவன்" என்பார். மகனையும் அதைச் சொல்லித்தான் வளர்த்தார்.

மகன் போய்ச் சேர்ந்த இடமும் அப்படிப்பட்டதே. சின்ன ஊர்களுக்கு விமானம் விடும் கம்பெனி. பெயர் வேண்டாம். அங்கே சேர்ந்த தேதிதான் ஒருவனுடைய ஜாதகம். ஒருநாள் முந்திச் சேர்ந்தவன் கடைசிவரை சீனியர். இடப்பக்க இருக்கை கேப்டனுக்கு, தோளில் நாலு கோடு. வலப்பக்கம் கோ-பைலட்டுக்கு, மூன்று கோடு. தேவசிகாமணி எழுபதுகள் முழுவதும் வலப்பக்கத்தில் உட்கார்ந்திருந்து, முறை வந்தபிறகு இடப்பக்கம் மாறினான். அந்த நாலு கோட்டுப் புகைப்படத்தை அண்ணன் கூடத்தில் இயேசு படத்துக்குக் கீழே மாட்டினார்.*

* கீழே இல்லை, அதே உயரத்தில்தான் என்கிறாள் தேவசிகாமணியின் தங்கை கலாவதி. கீழேதான். எனக்குத் தெரியும்.

3

ஜேசுதாஸைக் கெட்டவனாக எழுத ஆசைப்பட்டேன். ஒரு பக்கம் எழுதியும் விட்டேன்: சூயிங்கம் மெல்கிறவன், பெரியவர்கள் வந்தால் எழுந்திருக்காதவன். கிழித்துப் போட்டேன். அவன் எழுந்திருக்கிறவன்தான். யார் வந்தாலும் எழுந்திருப்பான், டீ கொண்டுவரும் ஆள் வந்தாலும். அதுதான் தேவசிகாமணிக்குப் பிடிக்கவில்லை.

தனியார் விமானக் கம்பெனிகள் முளைத்த சமயம். ஒருநாள் மதுரையில் விமானத்தை நிறுத்திவிட்டு இருவரும் இட்லி சாப்பிடும்போது ஜேசுதாஸ் சொன்னான்:

"சார், புதுக் கம்பெனியில கூப்பிடுறாங்க. போயிடலாம்னு இருக்கேன்."

"இங்க உனக்கு முன்னாடி எத்தனை பேர் இருக்காங்க?"

"இருக்காங்க சார், கும்பலா."

"எல்லாரும் போனப்புறம் நீதானே?"

"எல்லாரும் போனப்புறம் கம்பெனி இருக்கணுமே சார்."

தேவசிகாமணி இட்லியைப் பார்த்தபடி சொன்னான்: "வரிசையில நிக்கத் தெரியாதவன் வானத்துல என்ன நிப்பான்."

"சார், நீங்களும் வாங்களேன். உங்களுக்கு அங்க—"

"அடுத்த சீஃப் பைலட் நான். இருக்கிறவர் ரிட்டையர் ஆகணும், அவ்வளவுதான். இப்போ எந்திரிச்சுப் போனா எங்கப்பா மூஞ்சியில முழிக்க முடியுமா?"

இந்த இடத்தில் அவன் செய்தது சரியென்று நான் வாதாடப் போவதாக வாசகர் எதிர்பார்க்கலாம். சரிதான். சொன்ன சொல்லுக்கும் உட்கார்ந்த இடத்துக்கும் விசுவாசமாக இருந்தான். கம்பெனிதான் இல்லாமல் போனது.

4

[இந்தப் பகுதியை இரண்டு முறை எழுதாமல் விட்டேன்.]

கம்பெனி மூடிய பிறகு தேவசிகாமணிக்குப் பல மாதம் வேலையில்லை. மலைக்கு வரவுமில்லை. கடைசியில் அந்தப் புதுக் கம்பெனிக்கே போய் நின்றான். எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அங்கேயும் சேர்ந்த தேதிதான் கணக்கு. பழைய வருஷங்கள் பழைய கம்பெனியோடு போயின. எல்லோருக்கும் கடைசியில் அவன் பெயர், மூன்று கோடு, வலப்பக்கத்து இருக்கை. வீட்டுக்கு, "வேற கம்பெனி, அதே வேலைதானுங்கப்பா" என்று போனில் சொன்னான்.

முதல் நாள் இடப்பக்கத்தில் ஏறி உட்கார்ந்த கேப்டன் ஜேசுதாஸ்.

தரையில் ஓடும் விமானத்தைத் திருப்புவதற்கு ஒரு சின்னச் சக்கரம் உண்டு. அது இடப்பக்க இருக்கையில் இருப்பவரின் இடது கைக்கு எட்டும்படி மட்டும் இருக்கும். வலப்பக்கத்தில் கிடையாது. விமானம் இறங்கி வேகம் குறைந்ததும் தேவசிகாமணியின் இடது கை தானாகவே கீழே போய்த் துழாவியது. அங்கே ஒன்றுமில்லை. கையைக் கொஞ்சநேரம் அங்கேயே வைத்திருந்து, பிறகு மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேங்க" என்றான் ஜேசுதாஸ் என்னிடம். "தினமும் திரும்பிக்கிட்டேன். கை மறக்கவேயில்ல."

அவன் மேல் இருந்த கோபம் எனக்குப் போனது அப்போதுதான். [போனது என்று எழுதியது மிகை. குறைந்தது.]

5

எங்கள் மலைக்கு அடியில் இருக்கும் சேலத்துக்கு அந்தக் கம்பெனி விமானம் விட்டது. தேவசிகாமணி அந்தப் பக்கம் தன்னைப் போடவேண்டாம் என்று கேட்டுப் பார்த்தான். கடைசியில் சேர்ந்தவன் கேட்பதை யார் கேட்பார்கள்? வந்துபோனான். கீழே நாகலூரும் வாழவந்தியும் காப்பித் தோட்டத்து ஓடுகளும் வலப்பக்க ஜன்னலில் நன்றாகத் தெரியும். வீட்டில் சொல்லவில்லை.

அதில் பயணம் செய்த ஒரு காப்பி வியாபாரி அண்ணனிடம், "உங்க பையன் அந்த பிளேன்லதானுங்க வாராரு" என்று சொல்லிவிட்டார். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. மெட்டடோர் வேன் பிடித்தார். கலாவதி, தோட்டத்து ஆட்கள், தேவசிகாமணியை இடுப்பில் தூக்கிச் சுமந்த மருதாயி என்று எல்லோரையும் ஏற்றினார். என்னையும் கூப்பிட்டார். அடுத்தவன் வண்டியை வேலியோரம் நின்று வேடிக்கை பார்க்க நான் போவதில்லை என்று சொல்லிவிட்டேன். ஆகவே இனி வருவது இரண்டு பேர் சொன்னது: விமானத்துக்குள்ளே இருந்த ஜேசுதாஸ், வேலிக்கு வெளியே நின்ற கலாவதி.

விமானம் நின்றது. பயணிகள் இறங்கியதும் நிலைய அலுவலர் மேலே ஏறி வந்து, இடப்பக்கம் இருந்தவனிடம் உற்சாகமாகச் சொன்னார்:

"கேப்டன், உங்க அப்பா வந்திருக்காருங்க! மலையிலருந்து வேன் வெச்சு ஊரே வந்திருக்குது!"

"எங்கப்பா செத்துப் பல வருஷம் ஆச்சே" என்று சிரித்தான் ஜேசுதாஸ். பிறகுதான் வலப்பக்கம் பார்த்தான். தேவசிகாமணியின் முகம்—

[விடுகிறேன்.]

அடுத்த பயணத்துக்கு முன் ஒருவர் இறங்கி விமானத்தைச் சுற்றிவந்து, குனிந்து டயர்களையும் இறக்கையின் அடிப்புறத்தையும் பார்க்க வேண்டும். அது கோ-பைலட்டின் வேலை. வேலிக்கு நேர் எதிரே, வெட்டவெளியில்.

"சார், நீங்க உக்காருங்க. நான் போய்ப் பார்த்துட்டு வர்றேன்."

"அது உன் வேலையா?"

"யார் பார்த்தா என்ன சார்? டயருக்கு சீனியாரிட்டி தெரியுமா?"

"நீ என்கிட்ட இருந்தப்போ ஒருநாளாவது உனக்காக நான் இறங்கியிருக்கேனா?"

"இல்ல சார். மழையிலகூட இல்ல."

"அப்புறம் என்ன?"

ஜேசுதாஸுக்கு ஒன்று தோன்றியது. தோளில் மாட்டியிருக்கும் கோட்டுப்பட்டை பொத்தானைக் கழற்றினால் உருவி வந்துவிடும். தன்னுடைய இரண்டையும் உருவி நீட்டினான். "இதைப் போட்டுக்கிட்டு இறங்குங்க சார். போயிட்டு வந்து குடுத்துடுங்க. துணிதானே."

தேவசிகாமணி வாங்கினான். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். பிறகு எழுந்து, அவற்றை ஜேசுதாஸின் தோள்களிலேயே மாட்டி, பொத்தானைப் போட்டான். ஒன்று கோணலாக இருந்தது. அதை நேராக்கினான்.

"துணியில்ல" என்றான். இறங்கிப் போனான்.

இந்த இடத்தில் குடும்ப கௌரவம் எந்தப் பக்கம் நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. எழுபதைத் தாண்டியவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

6

வேலியோரம். கலாவதி சொன்னது.

முதலில் பார்த்தது மருதாயிதான். "அய்யோ, நம்ம சாமி! ஏனுங்கய்யா, அங்க பாருங்க, சக்கரத்துக்குக் கீழ குனியறது நம்ம சாமிதானுங்க!"

அண்ணன் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். முதலில் இடப்பக்க ஜன்னலைப் பார்த்தார். அங்கே ஒரு பொடியன் உட்கார்ந்திருந்தான். பிறகு கீழே குனிந்திருந்தவனின் தோளைப் பார்த்தார். கோடு எண்ணத் தெரிந்தவர். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் எண்ணிக் காட்டியவர்.

"அது நம்ம பையன் இல்ல" என்றார்.

"இல்லைங்களே, நான் தூக்கி வளத்த புள்ளைய எனக்குத் தெரியாதுங்களா—"

"வேற யாரோன்னு சொல்றனில்ல!"

தோட்டத்து ஆட்களுக்கு வருகைக் கணக்கு, மஸ்டர், எடுத்த குரல். ஒரு மலைச்சரிவில் நின்று அடுத்த சரிவில் இருக்கிறவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட குரல் அது. வேனில் வந்த எல்லோருக்கும் புரிந்தது. "ஆமாங்க, அவராட்டமே இருக்குது, ஆனா அவரில்லீங்க" என்றார் ஒருவர். "நம்மவரு இன்னும் நொம்ப ஒசரமுங்க" என்றார் இன்னொருவர். மருதாயி மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

இதற்கு ஒப்பாக, தன்னவரை அறியேன் என்று ஒருவன் பயந்து சொல்லும் இடம் வேதத்தில் உண்டு. கிறிஸ்தவ வாசகருக்கு அது இந்நேரம் நினைவுக்கு வந்திருக்கும். நான் அதை எழுதப் போவதில்லை. என் அண்ணன் பயந்து சொல்லவில்லை. மகனை ஊர்க்கண்ணிலிருந்து மறைக்க அவரிடம் வேறு போர்வை இல்லை.

7

அந்தக் கிறிஸ்துமஸுக்குத் தேவசிகாமணி வந்தான். நானும் சாப்பாட்டு மேசையில் இருந்தேன். அண்ணன் குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டார்:

"சேலத்து பிளேன்ல நீ வாரதில்லையா கண்ணு?"

"இல்லைங்கப்பா. அது வேற ஆளுங்க."

"அப்படித்தான் நானும் எல்லாத்துகிட்டயும் சொன்னேன்."

இருவரும் சாப்பிட்டார்கள். அன்றைக்கு எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மிளகுக்கொடிப் பக்கம் நின்றபோதுதான் விளங்கியது. அதற்குள் இருவரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

8

இனி முடிவு. கேள்வி ஒன்றுதான்: அண்ணன் வேலியோரம் சொன்னது தேவசிகாமணியின் காதில் விழுந்ததா?

ஒரு முடிவில், விழவில்லை. எரிபொருள் வண்டியின் சத்தம். மேசையில் அவன் சொன்னது, அப்பாவின் மனம் நோகாமலிருக்கத் தானாகவே சொன்ன பொய். இது எனக்குப் பிடித்த முடிவு. ஆனால் எரிபொருள் வண்டி அன்றைக்கு வரவில்லை என்கிறான் ஜேசுதாஸ்.

இன்னொரு முடிவில், விழுந்தது, நிமிர்ந்தான், வேலிக்கு வந்து, "அப்பா, நான்தானுங்க" என்றான். இதை அழகாகவே எழுதியிருந்தேன். மருதாயி அவன் கன்னத்தைத் தடவுவது வரை போனது. அது நடந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை.

நடந்தது இவ்வளவு. வேலிப் பக்கத்துச் சக்கரத்தைப் பார்த்து முடித்தான். மூக்கைச் சுற்றி மறுபக்கத்துக்குப் போனான். ஜேசுதாஸ் இடப்பக்க இருக்கையில் இருந்ததால் அந்தப் பக்கம் தெரியவில்லை. வேலியிலிருந்தும் தெரியவில்லை.

"விமானத்து வயித்துக்குக் கீழ பூட்ஸ் மட்டும் தெரிஞ்சுதுங்க சித்தப்பா" என்றாள் கலாவதி. "ரெண்டு பூட்ஸும் நின்ன எடத்துலயே நின்னுச்சு. நொம்ப நேரம். ஒரு சக்கரத்த அவ்வளவு நேரமா பாப்பாங்க?"

ஜேசுதாஸைக் கேட்டேன். அவ்வளவு நேரம் ஆகாது என்றான்.

கதை எழுதுகிறவன் சுவரைத் தாண்டிப் போகலாம், மூடிய அறைக்குள் போகலாம், செத்தவன் மனசுக்குள்ளும் போகலாம் என்பார்கள். நான் அந்தப் பக்கம் போகமாட்டேன். ஒருவன் தனியாக நிற்க ஒதுங்கினால் அவன் பின்னாலேயே போய்ப் பார்க்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

நீங்கள் போகலாம். உங்களைத் தடுக்க எனக்கு உரிமையில்லை. போவதென்றால், மூக்கைச் சுற்றித் திரும்புவதற்கு முன்னால் ஒருமுறை செருமிவிட்டுப் போங்கள்.