இரண்டாவது டப்பாவின் பசி

ஆய்வுக்கூடத்தில் வெள்ளையடித்துக்கொண்டிருந்ததால், மாப்பிள்ளை தன் ஆராய்ச்சிக்கான, பயிர் தின்னும் புழுக்களை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். இரண்டு ஐஸ்கிரீம் டப்பாக்களில் பத்துப் பத்துப் புழுக்கள். முதல் டப்பாவுக்கு வெறும் மாவுத் தீனி. இரண்டாவதற்கு அதே தீனியில் ஒரு காட்டுவிதையின் புரதம். அது புழுவின் வயிற்றில் செரிமானத்தைக் கட்டிப்போட்டுவிடும். தின்னும், உடம்பில் ஒட்டாது. வெள்ளிக்கிழமை எடையில் இரண்டாவது டப்பா இளைத்திருந்தால்தான் பட்டம். இல்லையென்றால் ஆறு வருட ஆராய்ச்சியை மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் தராசு. புதன்கிழமை எடைபோட்டபோது குச்சியாக இருந்த இரண்டாவது டப்பாப் புழுக்கள் கொழுத்துக் கிடந்தன. மாப்பிள்ளை தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "அந்தப் புரதத்தை நம்ம பசங்களுக்கும் கொஞ்சம் குடுங்களேன். ரெண்டும் ஒல்லியா இருக்கு."

அப்போதுதான் அவர் எச்சத்தைக் கவனித்தார். முதல் டப்பாவில் மாவு நிறம். இரண்டாவதில் பளீரென்ற ஆரஞ்சு.

சமையலறையில் காரட் துருவும் சத்தம் நின்றது.

"அத்தை, டப்பாவைத் திறந்தீங்களா?"

மாமியார் கை துடைத்தபடி வந்தார். "ஒரே வீட்டுல பத்துப் பேர் கொழுகொழுன்னு, பத்துப் பேர் எலும்பும் தோலுமா இருந்தா எப்படி மாப்பிள்ளை? சாமி முன்னாடி கண்ணை மூடினா அதுங்கதான் வந்து நிக்குது. புதன்கிழமை அந்தத் தீனியை எடுத்துட்டு காரட் போட்டேன்."

"அம்மா, அவரு பட்டமே போச்சு," என்றாள் மனைவி.

மாமியாரின் முகம் சுண்டிப்போனது. "புதன்கிழமை எடையையே எழுதிடலாமா?" என்று மாப்பிள்ளை முணுமுணுத்தார்.

"பொய்யெல்லாம் வேணாம். தப்பு என்னுது. நானே வந்து உங்க சார்கிட்ட சொல்றேன்."

சொன்னார். பேராசிரியர் சிரிக்கவில்லை, மூக்குக் கண்ணாடியைத் தேடினார்.

"தீனியை மாத்தினதும் ரெண்டே நாள்ல தேறிடுச்சா? அப்ப அது விஷம் இல்லப்பா. நீ சொன்ன மாதிரி செரிமானத்தை மட்டும் தடுக்குதுன்னு தோணுது. இதையே ஒழுங்கா இன்னொரு தடவை செஞ்சு காட்டு. ஒரு மாசம் தர்றேன்."

"மறுபடியும் பட்டினியா?" என்றார் மாமியார்.

"பத்து நாள்தாம்மா."

"சரி. அதுங்களோட சேர்ந்து நானும் ராத்திரிச் சாப்பாட்டை விட்டுடறேன்."

விட்டார். பதினோராம் நாள் காலை, மாப்பிள்ளை இளைத்த புழுக்களை எடைபோட்டு எழுதி முடிப்பதற்குள், மேசையில் துருவிய காரட் இரண்டு கிண்ணங்களில் வந்திருந்தது. ஒன்று மாமியாருக்கு.