கடலை மாடியில் காயாத முகம்

புதுக்கோட்டை கீழராஜ வீதியில் எங்கள் கூடத்துக்கு நாங்கள் வைத்த பெயர் நவயுகச் சித்திரக் கூடம். ஊர் வைத்த பெயர் கடலை மாடி. கீழே பெரியகருப்பனின் நிலக்கடலை மண்டி, மேலே நாங்கள். ஊர் வைத்ததுதான் நிலைத்தது. மதராசிலிருந்து ஒருமுறை வந்த பெரிய ஓவியர் எங்கள் படங்களை எல்லாம் நிதானமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, கடலை இங்கே சில்லறையாகக் கிடைக்குமா என்று கேட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த வாசத்தில் யாருக்கும் வயிறுதான் பசிக்கும்.

நான் நாகராசு, கூடத்தின் செயலாளர். பகலில் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. எனக்கு ஒரு கோடு நேராகப் போடத் தெரியாது. அதனால் செயலாளர் ஆக்கினார்கள். ஆரம்பத்தில் ஐந்தாறு ஓவியர்கள் இருந்தார்கள். ஒருவருக்குக் கல்யாணம் ஆனது, ஒருவருக்கு வேலை கிடைத்தது, மற்றவர்களுக்குப் புத்தி வந்தது. 1961 மார்கழியில் மிச்சம் இருந்தது மரியபுஷ்பம் மட்டும்தான். பெண்கள் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். கன்னியர் மடத்து விடுதியில் தங்கியிருந்தாள். டர்பன்டைன் வாடை ஜெபத்துக்கு இடைஞ்சல் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். ஆகவே கூடத்தின் பின்னறையில், காலிச் சாக்குகளின் நடுவே உட்கார்ந்துதான் வரைவாள்.

அந்த மார்கழியில் ஒரு ஜவுளிக்கடைக்காரர், தை பிறந்ததும் மாடியைத் தனக்கு விடும்படி பெரியகருப்பனைக் கேட்டிருந்தார். பெரியகருப்பன் எங்களிடம் வாடகை வாங்காதவர். வாடகை வாங்காதவரோடு சண்டையும் போட முடியாது.

"எனக்கு வேற எடம் இல்ல சார்," என்றாள் புஷ்பம். "இதுவும் போச்சுன்னா பிரஷ்ஷைக் கழுவி வச்சுற வேண்டியதுதான்."

அழவில்லை. சொல்லிவிட்டுப் பிரஷ்ஷைக் கழுவப் போனாள்.

நான் கீழே இறங்கிப் பெரியகருப்பனைப் பார்த்தேன். மற்ற மண்டிகளில் முதலாளியின் தலைக்கு மேலே அவர் அப்பாவின் போட்டோ இருக்கும். மாலை இருக்கும், சின்னதாய் ஒரு சிவப்பு பல்பும் எரியும். பெரியகருப்பனின் தலைக்கு மேலே ஆணி மட்டும் இருந்தது. அவர் அப்பா அழகுமலை, 1938-ல் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயாவுக்குப் போனவர். பிறகு ஜப்பான் சண்டை வந்தது, தகவல் நின்றது. இருக்கிறார் என்றும் யாரும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு போட்டோகூடக் கிடையாது. பெரியகருப்பனின் ஆத்தா பிச்சையம்மாள் நெற்றி நிறையக் குங்குமமும் கழுத்தில் தாலியுமாக வீட்டில் இருந்தார். புருஷனைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கேட்கிற தைரியமும் யாருக்கும் இல்லை.

பெரியகருப்பன் அந்த ஆணியைக் காட்டினார்.

"ஒண்ணு செய்ங்க நாகராசு சார். அந்த டீச்சரை எங்கப்பாரு படம் ஒண்ணு வரையச் சொல்லுங்க. ஆத்தாவைக் கூட்டியாந்து காட்டுறேன். 'இவருதான்'னு ஆத்தா வாயால ஒரு வார்த்தை வந்துட்டா மாடி ஒங்களுக்குத்தான். வரலைன்னா பொங்கலன்னிக்குச் சாவியைக் குடுத்துருங்க."

"அவரு முகம் எப்படிங்க இருக்கும்?"

"எனக்கு அப்ப நாலு வயசு. பஸ் ஏறையில முதுகைத்தான் பாத்தேன். முதுகு வேணும்னா சொல்றேன்."

நான் படியேறப் போகும்போது மறுபடி கூப்பிட்டார். "படத்துக்கு மாலை கீலை போட்டுறாதீங்க. மாலையைப் போட்டா செத்தவருன்னு ஆயிரும். ஆத்தா தாலியோட இருக்கு."

இதை நான் மண்டி முழுவதும் சொல்லிவைத்தேன். காவல்காரர் மலையாண்டியிடம் மட்டும் தனியாக இன்னொரு தரம் சொன்னேன். அவர் அழகுமலை காலத்திலிருந்தே அங்கே இருப்பவர். அப்படியே முகத்தையும் விசாரித்தேன்.

"மொதலாளி மொகத்தை யாரு சார் நிமிந்து பாத்தா?" என்றார். "நான் காலைத்தான் பாத்துருக்கேன். பெருவெரலுக்கு அடுத்த வெரலு நீளம்."

மற்றவர்களையும் கேட்டோம். நெடியவர் என்றார் ஒருவர், கட்டை என்றார் இன்னொருவர். கோபக்காரர் என்பதில் மட்டும் எல்லோரும் ஒன்றுபட்டார்கள், அதுவும் அவரிடம் கடன் வாங்கியவர்கள். புஷ்பம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, சாக்கை இழுத்துச் சட்டத்தில் அடித்து, வஜ்ஜிரப் பசை பூசி, வரைய உட்கார்ந்தாள்.

அவள் நவீன ஓவியர் என்பதை நான் கொஞ்சம் மறந்துவிட்டேன். பார்த்தபோது அழகுமலையின் முகம் பச்சையாக இருந்தது. ஒரு கண் மேலே இருந்தது, ஒரு கண் கீழே. சட்டை இல்லை, தோளில் துண்டு. கால் விரல்கள் மட்டும் மலையாண்டி சொன்னது போல மிகச் சரியாக இருந்தன.

"ஏம்மா பச்சை?"

"கடல்ல போனவரு சார். தண்ணி வெளிச்சம் மொகத்துல அடிச்சா இப்படித்தான் இருக்கும்."

"கண்ணு?"

"ஒண்ணு போற எடத்தைப் பாக்குது. ஒண்ணு திரும்பி வீட்டைப் பாக்குது."

அதற்கு மேல் கேட்காமல் இருப்பதுதான் செயலாளருக்கு அழகு.

கூடத்தில் வருஷா வருஷம் நடக்கும் கண்காட்சி மார்கழிக் கடைசியில்; ஆத்தாவுக்குப் படத்தை அதில் காட்டுவதாக ஏற்பாடு. பனியோடு தூறலும் சேர்ந்துகொண்டது. கோயில் ஒலிபெருக்கி விடியுமுன்பே ஊரை எழுப்பியது. சூரியனை மட்டும் எழுப்ப முடியவில்லை. எண்ணெய்ச் சாயம் காயவே இல்லை. படத்துக்குக் கணப்பு வைக்கலாமா என்றேன். கீழே கடலை, மேலே டர்பன்டைன், நடுவில் நெருப்பா என்று பெரியகருப்பன் கேட்டார். நியாயமான கேள்வி. நானும் புஷ்பமும் மாறி மாறி விசிறியால் வீசினோம். அழகுமலையின் கன்னத்தில் இரண்டு கொசு ஒட்டிக்கொண்டன. ஒன்றைத்தான் எடுக்க முடிந்தது. திறப்பு விழாவன்றும் முகம் தொட்டால் ஒட்டியது.

விழாவுக்கு ஒரு ஓய்வுபெற்ற அதிகாரியைத் தலைமை தாங்கக் கூப்பிட்டிருந்தோம். அவருக்கென்று பெரிய செவ்வந்தி மாலை வாங்கி வாழை இலையில் சுற்றி வைத்திருந்தோம். கடைசி நேரத்தில் அவருக்குச் சளி என்று ஆள் வந்து சொன்னான். நவீன ஓவியம் என்றால் இந்த ஊரில் பலருக்கும் சளி பிடிக்கும். சரி போகட்டும் என்று, பெரியகருப்பனையும் அவர் ஆத்தாவையும் வரவேற்க நானும் புஷ்பமும் வாசலுக்குப் போனோம்.

பிச்சையம்மாள் குளிருக்குச் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கினார். ஒவ்வொரு படியாக ஏறினார். நாங்கள் பின்னால் ஏறினோம்.

மாடிக்கு வந்து பார்த்தால், படத்தில் அழகுமலை செத்துப் போயிருந்தார்.

கழுத்தில் செவ்வந்தி மாலை. நெற்றியில் சந்தனம், அதன் மேல் குங்குமம். முன்னால் இரண்டு ஊதுபத்தி. பக்கத்தில் மலையாண்டி கை கட்டி நின்றார், செய்த வேலை திருப்தி என்பது போல.

புஷ்பம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஜில்லென்று இருந்தது. பெரியகருப்பன் முகம் படத்தைவிடப் பச்சையானது.

"மலையாண்டி!" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "மாலை போடக்கூடாதுன்னு ஒங்கள்ட்டச் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க சார். மொதலாளி அப்பாரு படத்துக்குத்தானே போடக்கூடாதுன்னீங்க? இது அவரு மாதிரி இல்லையே. எலையில பூ வாடிக்கிட்டுக் கெடந்துச்சு. இங்க உள்ளதுல பெரிய படம் இதுதான். யாரோ பெரிய மனுசருன்னு போட்டேன்."

அவரை அங்கேயே கடித்துத் தின்றுவிடலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. பெரியகருப்பன் பாய்ந்து மாலையைப் பிடித்து இழுத்தார். மாலை வந்தது; இதழ்கள் வரவில்லை. ஈரச் சாயத்தில் கழுத்தைச் சுற்றி மஞ்சளாய் ஒட்டிக்கொண்டு நின்றன. குங்குமத்தைத் துடைக்கத் துண்டோடு போனார். புஷ்பம் குறுக்கே நின்றாள்.

"தொடாதீங்க சார். பொட்டை எடுத்தா நெத்தியும் சேந்து வந்துரும்."

கீழே மூட்டை இறக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிச்சையம்மாள் படத்தின் பக்கத்தில் போனார். கொசு ஒட்டியிருந்த கன்னத்தைப் பார்த்தார், மேலே ஒன்று கீழே ஒன்றாக இருந்த கண்களைப் பார்த்தார். கால் விரல்களிடம் வந்தபோது கொஞ்ச நேரம் நின்றார். அதன் பிறகு மறுபடி குங்குமத்தைப் பார்த்தார். அவர் கை தாலிக்கயிற்றைப் பிடித்திருந்தது. 'இவருதான்' என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் மாடி எங்களுக்கு. ஆனால் அந்த வார்த்தையை இனி எப்படிச் சொல்வார்?

"இது அவரு இல்ல," என்றார் பிச்சையம்மாள்.

புஷ்பம் படத்தைவிட்டு விலகி வந்தாள். பெரியகருப்பன் பெருமூச்சு விட்டார். பாதி நிம்மதி, பாதி வருத்தம். பிறகு என்னைப் பார்க்காமல் கையை நீட்டினார். நான் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தேன்.

"என்னத்தைடா வாங்குற?" என்று மகனைக் கேட்டார் பிச்சையம்மாள்.

"மாடிச் சாவி ஆத்தா. நீ இல்லைன்னுட்டியே."

"இல்லைன்னா விட்டுறுவியா? ஒரே தடவையில மனுச மொகம் வந்துருமா? காது இம்புட்டுப் பெருசில்ல அவருக்கு. அடுத்த மார்கழிக்கு இந்தப் புள்ள மறுபடி வரையட்டும். நான் வந்து பாக்குறேன்."

அதைச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். பெரியகருப்பன் வெறுங்கையை மடக்கி வேட்டியில் துடைத்துக்கொண்டார். எனக்கு ஒரு நிமிஷம் கழித்துத்தான் புரிந்தது. இருபத்து மூன்று வருஷத்தில் அந்த அம்மாள் தன் புருஷனைப் பற்றிப் பேசிய முதல் வார்த்தை அந்தக் காது.

அன்றிலிருந்து எங்கள் கூடத்துக்கு அது வழக்கமாகிவிட்டது. வருஷம் முழுதும் புஷ்பம் அவள் இஷ்டத்துக்கு வரைவாள். மீமிசல் படகுகளைச் சிவப்பில் வரைந்தாள், விராலிமலை மயிலை மயில் இல்லாமலே வரைந்தாள். மார்கழி பிறந்தால் அழகுமலை. பிச்சையம்மாள் வருவார், பார்ப்பார், "இது அவரு இல்ல" என்பார், ஒரு குறை சொல்வார், போவார். ஒரு வருஷம் மூக்கு லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும் என்றார். அங்கிட்டா இங்கிட்டா என்று புஷ்பம் கேட்க, "இங்கிட்டு" என்று தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார். இன்னொரு வருஷம் புருவத்தில் மாடு முட்டிய தழும்பு. இன்னொரு வருஷம், கோபக்காரர் என்று சொன்னவன் எவன், சிரிச்ச வாய் அவருக்கு என்று சண்டைக்கே வந்தார். அந்த ஒரு குறையைக் கேட்கப் பெரியகருப்பன் ஆவணியிலிருந்தே காத்திருப்பார். ஜவுளிக்கடைக்காரர் வேறு இடம் பார்த்துக்கொண்டார். கண்கள் ஒவ்வொன்றாக இடத்துக்கு வந்தன. பச்சை மட்டும் மாறவில்லை. அதை அந்த அம்மாள் குறையாகச் சொன்னதே இல்லை.

மலையாண்டியை மார்கழியில் பூக்கடைப் பக்கமே விடுவதில்லை.

1966 மார்கழியில் சாயம் அதிசயமாகக் காய்ந்துவிட்டது. படத்தை மாட்டிவிட்டு நாங்கள் தள்ளி நின்றோம். மலையாண்டி விளக்குமாற்றோடு மேலே வந்தார். படத்தை ஏறிட்டுப் பார்த்தார். உடனே தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். நிமிரவே இல்லை.

புஷ்பம் என்னைப் பார்த்தாள். வரைந்து முடித்தாயிற்று. இனி அந்த அம்மாள் 'இவருதான்' என்று சொல்லிவிடலாம். பேச்சுப்படி மாடியும் எங்களுக்கு. படம் கீழே அந்த ஆணிக்குப் போகும். ஆணிக்குப் போனால் அடுத்தது மாலை.

பிச்சையம்மாள் பெரியகருப்பனின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். படத்துக்கு நேரே வந்ததும் மகன் தோளிலிருந்து கையை எடுத்தார். தலைப்பை இழுத்து இரண்டு தோளையும் மூடினார். ஒரு எட்டுப் பின்னால் வைத்து, சுவரோரமாக ஒதுங்கி, புருஷன் முன்னால் நிற்கிற பெண்பிள்ளை மாதிரி நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் என்று எனக்குத் தெரியாது. என் கண் நிறைந்துவிட்டது, அதை நான் துடைக்கவும் இல்லை.

"இது அவரு இல்ல," என்றார்.

"எதுங்கம்மா சரியில்ல?" என்று புஷ்பம் கேட்டாள். அவள் குரலும் உடைந்திருந்தது.

அந்த அம்மாள் குறை தேடினார். காதைப் பார்த்தார், மூக்கைப் பார்த்தார், தழும்பைப் பார்த்தார், வாயைப் பார்த்தார். மறுபடி காதுக்கு வந்தார்.

"சட்டைப் பொத்தான்," என்றார் கடைசியில். "சட்டைப் பொத்தான் சரியில்ல."

நாங்கள் எல்லோரும் படத்தைப் பார்த்தோம். வெறும் மார்பில் ஒரு துண்டோடு அழகுமலை எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பெரியகருப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"அடுத்த மார்கழிக்குப் பொத்தானைச் சரி பண்ணச் சொல்லுங்க சார்," என்றார்.