கூடைக்காரக்காவின் பல்வலி

சந்தையில் மரக்கரண்டி செதுக்கி விற்பவருக்கு வாய்தான் எதிரி. யாரும் கேட்காத உண்மையைச் சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. ஒருவர் கரண்டியைக் கையில் எடுத்தால் போதும், "அதுல ஒரு கணு இருக்கு பாருங்க, இந்தப் பக்கம் கொஞ்சம் மேடு" என்று தானாகவே ஆரம்பிப்பார். எடுத்தவர் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

"மத்தவங்க சரக்கை விக்க வர்றாங்க. நீங்க காவல் காக்க வர்றீங்க" என்று அவர் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

பக்கத்துக் கடை கூடைக்காரக்காவுடையது. பிரம்புக்கூடை பின்னுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. சண்டையிலும் அப்படித்தான். "பிளாஸ்டிக்குல இதைவிட லேசா கிடைக்குதே" என்று யாராவது வாய்தவறிச் சொன்னால் தொலைந்தார்கள். அவர்கள் சந்தையைவிட்டு வெளியேறும்வரை அவள் குரல் துரத்திக்கொண்டே போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா கன்னத்தைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தாள். கடைவாய்ப்பல். முகம் ஒரு பக்கம் பன்னாக உப்பியிருந்தது. வாயைத் திறந்தால் உயிர் போகிறது என்று சைகையில் சொன்னாள்.

"வீட்டுல படுத்திருக்கலாமில்லக்கா?"

அக்கா கூடைகளைக் காட்டினாள், பிறகு வயிற்றைத் தட்டிக் காட்டினாள்.

"சரி, இன்னைக்குப் பேச்சை நான் பாத்துக்கறேன்" என்றார் கரண்டிக்காரர். அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வேறு வழியில்லை.

முதலில் ஒரு பெரியவர் வந்தார். கூடையைப் புரட்டிப் பார்த்து, "இது ரொம்ப நாள் வருமா?" என்றார்.

அக்காவின் மூக்கு விடைத்தது.

"உங்களுக்கு அப்புறமும் இருக்கும் சார்" என்றார் கரண்டிக்காரர்.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. "நான் கூடையைத்தான் சொன்னேன்..." என்று இழுத்தார். பெரியவர் முறைத்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்து, பேத்திக்கும் சேர்த்து இரண்டாக வாங்கிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு கரண்டிக்காரருக்குக் கூச்சம் விட்டுப்போயிற்று. அடிப்பக்கத்து இரட்டைப் பின்னலைக் காட்டினார். ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றும் காட்டினார். குறை சொல்ல அவருக்கு அதில் ஒன்றும் அகப்படவில்லை. கூடைகள் மளமளவென்று போயின.

அப்போது குடை பிடித்த ஒரு அம்மா கரண்டிக்காரரின் சொந்தக் கடைப்பக்கம் வந்து, நீளமான ஒரு கரண்டியை எடுத்தார்.

"அம்மா, அதோட பிடி கொஞ்சம்..."

அவ்வளவுதான், கரண்டிக்காரருக்கு உலகம் இருண்டது. அக்கா ஒரு பெரிய கூடையை அவர் தலைமேல் கவிழ்த்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து, "கோணல்..." என்று கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு குரல் கேட்டது. அந்த அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அக்கா விரலால் காட்டிய விலையைக் கொடுத்துவிட்டுக் கரண்டியோடு போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்துச் சோற்றுத் தூக்கோடு மனைவி வந்தாள். கூடைக்குக் கீழே தெரிந்த சட்டையை அடையாளம் கண்டுகொண்டாள்.

"என்னக்கா, இவரையும் சேர்த்து விக்கிறீங்களா?"

கரண்டிக்காரர் கூடையை உதறிவிட்டு ஓடினார். பேருந்து நிறுத்தத்தில் அந்த அம்மாவைப் பிடித்துவிட்டார். மூச்சு வாங்க, "அம்மா, பிடி கோணல். நல்லதா வேற எடுத்துக்குங்க" என்றார்.

"தெரியும்பா. எனக்குக் கண்ணு இல்லையா? எங்க வீட்டுக்காரரு இதைவிடக் கோணல். அவரோடயே இத்தனை வருஷம் ஓட்டிட்டேன், கரண்டியோட ஓட்ட மாட்டேனா?"

பேருந்து வந்தது. அந்த அம்மா ஏறிக்கொண்டார்.

கரண்டிக்காரர் யோசித்தபடியே திரும்பி வந்தார். என்ன ஆயிற்று என்று இருவரும் புருவத்தை உயர்த்தினார்கள். அவர் நடந்ததை ஒரு சொல் விடாமல் சொன்னார். அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்ததும் பல் சுரீரென்று இழுத்தது. வலி தாங்காமல் கரண்டிக்காரர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"இன்னொண்ணு வைங்கக்கா, என் பங்குக்கு" என்றாள் மனைவி. பிறகு கடைகளை அவரிடம் விட்டுவிட்டு, அக்காவின் கையைப் பிடித்துப் பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.