நிழலில் தெரிந்த தோள் எலும்பு

மலைமேல் எடப்புளி நாட்டில் மிளகு பறிக்கும் பெருமாயியின் நிழலில், போன வருடம் தை மாதம் தோள் எலும்பு தெரிய ஆரம்பித்தது. வாசலில் தார்ப்பாய் விரித்து மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தவள் வலது கையைத் தூக்கியபோது, தோளுக்குக் கூரை போல இருக்கும் எலும்பு நிழலுக்குள் வெள்ளையாகத் தெரிந்தது. அதன் நுனி அரிவாள் மூக்குப் போலக் கீழே வளைந்திருந்தது. அடியில் ஓடும் தசைநார், கை உயரும்போதெல்லாம் அந்த மூக்கில் உரசிப் பிரிபிரியாக நைந்திருந்தது.

“ஏனுங்கக்கா, வெயிலு எக்ஸ்ரே எடுக்கக் கத்துக்கிச்சுங்களா?” என்று பக்கத்து வீட்டுக் கார்த்தி சிரித்தான். மறுநாள் அவன் நிழலிலும் எலும்பு தெரிந்தது. சீக்கிரமே ஊரில் எல்லார் நிழலிலும் எலும்பு தெரிந்தது. சிலருக்குப் பலகை போலத் தட்டை, சிலருக்கு லேசான வளைவு, சிலருக்குக் கொக்கி. கொக்கிக்காரர்கள் சோளக்காட்டுச் சந்தைக்கு, நிழலை மறைக்கக் குடை பிடித்துப் போனார்கள்.

மாசியில் ஒரு மதியம், மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் சாத்திய ஏணியில் பெருமாயி நின்றிருக்க, தரையில் கிடந்த அவள் நிழலில் நார் அறுந்தது. கீழே நின்ற மகள் சுகந்தி அதைப் பார்த்துக் கத்திய பிறகுதான் பெருமாயிக்கு வலித்தது. அன்றிலிருந்து வலது கையை இடது கையால் தூக்கிப் பிடித்துத்தான் தலை சீவுகிறாள்.

சுகந்தியின் நிழலிலும் அதே கொக்கி இருந்தது. பெருமாயி மகளை நாமக்கல்லுக்குக் கூட்டிப்போனாள். எக்ஸ்ரே படம் பார்த்த டாக்டர், “கொக்கி இருக்கறவங்களுக்கு நார் கிழியறதை அதிகமாப் பார்க்கறோம்மா. ஆனா தட்டையா இருந்தாலும் கிழியுது, கொக்கியோட கடைசிவரைக்கும் நல்லா இருக்கறவங்களும் உண்டு. தோளுக்குப் பயிற்சி கொடுங்க. ஓயாம தலைக்கு மேல கையைத் தூக்க வேண்டாம்” என்றார். பெருமாயியின் காதில் கடைசி வார்த்தை மட்டும் நின்றது. வீட்டுக்கு வந்ததும் மகளின் வலது கையை இடுப்போடு சேர்த்துத் துண்டால் கட்டினாள்.

“ஏம்மா, நானென்ன களவாணியா?”

“இருக்கட்டும் கண்ணு. எனக்குப் பயமா இருக்குது.”

ஆடியில் துண்டை அவிழ்த்தபோது சுகந்தியின் கை மார்புக்கு மேல் வரவில்லை. நிழலில் நார் முழுசாக இருந்தது. கொக்கி அதைத் தொடவே இல்லை. தோள்தான் இறுகிப்போயிருந்தது. பெருமாயி துண்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். சுகந்தி தினமும் சுவரில் விரல்களை ஏற்றி ஏற்றி, கார்த்திகையில் கையைத் தலைக்கு மேல் கொண்டுவந்தாள்.

இப்போது அங்கே மிளகு பறிக்கக் கூப்பிடுகிறவர்கள் ஆளை முதலில் வெயிலில் நிறுத்தி நிழலைப் பார்க்கிறார்கள். இந்தத் தையில் சுகந்தி தங்கள் வீட்டு மரத்தில் ஏணி ஏறினாள். பெருமாயி கீழே நிற்கிறாள். மரத்தைப் பார்ப்பதில்லை, தரையைத்தான் பார்க்கிறாள். மேகம் மறைத்தால் “எறங்கு சாமி” என்கிறாள். சுகந்தி இறங்கி நிற்கிறாள். வெயில் வந்ததும் மறுபடி ஏறுகிறாள்.