ஏழு பேருக்கான ஸ்டெப்னி

ஸ்டெப்னி என்றால் அது ஜீப்பில் மாட்டக்கூடிய சக்கரமாக இருக்க வேண்டும் என்பதை நாகலிங்கத்தால் மனைவிக்கு விளங்கவைக்கவே முடியவில்லை. சுனாமிக்குப் பிறகு கச்சால் தீவை விட்டு மரைன் ஹில்லுக்குக் குடிவந்த கையோடு, சொர்ணம்மா ஜீப்பின் பின்னால் டிராக்டர் டயர் ஒன்றைக் காற்றடைத்துக் கட்டவைத்துவிட்டாள். அலை வந்தால் வீட்டு ஆட்கள் ஏழு பேரும் அதைப் பிடித்துக்கொண்டு மிதக்க வேண்டுமாம். பாரம் தாங்காமல் ஜீப் மேட்டில் முன்சக்கரத்தைத் தூக்கியது. அதற்கும் வழி கண்டாள்: குண்டுத் தம்பி யோகராஜை பானெட்டில் உட்காரவைத்தாள்.

ஒருநாள் வீட்டுக்கு ஏறும் மேட்டின் அடியில் முன்சக்கரம் பஞ்சரானது.

"ஸ்டெப்னிய எடுங்க மச்சான்," என்று யோகராஜ் இறங்கினான்.

"அது வீட்ல கெடக்குடா. இதக் கட்டின பொறகு அதுக்கு எங்க எடம்?" நாகலிங்கம் பல்லைக் கடித்தார்.

நடந்துபோய் எடுத்துவரக் கிளம்பினால், ஜீப்புக்குள்ளிருந்து இறங்கிய சொர்ணம்மா டிராக்டர் டயரை அவிழ்க்கச் சொன்னாள். "ஜீப்ப யாரு தூக்கிட்டுப் போகப்போறா? வழியில அலை வந்தா என்னா செய்யிறது?"

மூவரும் டயரை மேட்டில் உருட்டினார்கள். பாதியில் மூச்சுவாங்க நின்ற நாகலிங்கம், எங்கோ கீழே கிடந்த கடலைக் காட்டிக் கத்தினார்.

"இவ்வளவு ஒசரத்துக்கு எந்தத் தண்ணிடி வரும்?"

"கச்சால்ல, ரோட்டத் தாண்டி வராதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

நாகலிங்கம் டயருக்குத் தோள் கொடுத்தார்.