பதினோராம் நம்பர் கிரேன்

மணலி ரோட்டுக் கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறவனுக்குப் பேர் கிடையாது, நம்பர்தான். ராயபுரம் கஸ்பார் வாக்கிடாக்கியில் பதினொண்ணு. ஐம்பது வயது, கல்யாணம் ஆகவில்லை, அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். காலையில் மேலே ஏறினால் சாயங்காலம் இறங்கும் வரை கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாள். வீட்டுக்குப் போனாலும் பேச்சுத் துணைக்கு யாரும் இல்லை.

இப்படிப்பட்டவனிடம் போய், கன்ட்ரோல் ரூமில் புதிதாகச் சேர்ந்த ஷாலு என்கிற பெண் ஒரு நாள், "பதினொண்ணு, சாப்ட்டீங்களாண்ணா?" என்று கேட்டுவிட்டாள். மனுஷன் ஆடிப்போய்விட்டான். மறுநாளும் கேட்டாள். முதலில் கடைப் பரோட்டாவைத் தின்றுவிட்டுக் கருவாட்டுக் குழம்பு என்று அளந்துவிட்டான். பிறகு அந்தப் பெண்ணிடம் பொய் சொல்கிறோமே என்று உறுத்த, விடியலில் எழுந்து நிஜமாகவே சமைக்க ஆரம்பித்தான். அவள் கேட்பாள், இவன் புளி எவ்வளவு கரைத்தான் என்பது வரைக்கும் ஒப்பிப்பான். முகம் பார்த்ததில்லை. ஆனாலும் ஆண்டவர் கொடுக்காத மகளை வாக்கிடாக்கி கொடுத்துவிட்டதாகவே நம்பினான். நம்புவதற்குக் காசா பணமா?

ஒரு வாரம் அவள் குரல் வரவில்லை. டெங்கு என்றார்கள். கஸ்பாருக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. காசிமேட்டில் நண்டு வாங்கி, மிளகு தூக்கலாக ரசம் வைத்து, தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு, விசாரித்து விசாரித்து வியாசர்பாடி ஹவுசிங் போர்டு மாடிப்படி ஏறினான்.

கதவைத் திறந்த அவள் அம்மா பூவம்மாவிடம், தான் கஸ்பார் என்றான். அவளுக்கு விளங்கவில்லை. கட்டிலில் சாய்ந்திருந்த ஷாலுவுக்கும் விளங்கவில்லை. பதினொண்ணு என்று சொன்ன பிறகுதான் அவள் முகம் மலர்ந்தது. பூவம்மா நாற்காலி போட்டாள், டீ கொடுத்தாள். கஸ்பாருக்குச் சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. சாப்பிட்டாயா என்று தன்னைக் கேட்கிற ஒரே ஜீவன் அவள் மகள்தான் என்று பூவம்மாவிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டான்.

ஷாலு சிரித்தாள். கள்ளமில்லாத சிரிப்பு, அதுதான் கொடுமை.

"அது எங்க டூட்டிண்ணா. யாரோ கிரேன்ல தூங்கி பொட்டிய லாரி மேல போட்டுட்டாராமே, அதுலர்ந்து எல்லா நம்பரையும் கூப்ட்டு பேச்சு குட்த்து பாக்கணும். தூங்குறியான்னு கேட்டா ஆளுங்கோ காண்டாவுறாங்கோ. அதான் சாப்ட்டீங்களான்னு கேக்க சொல்லிக்கீறாங்கோ. மத்தவங்கோ 'ம்'முனு வெச்சிடுவாங்கோ. நீங்க ஒர்த்தர்தான் கொழம்பு வெச்ச கதையெல்லாம் சொல்லுவீங்கோ."

கஸ்பாரும் சிரித்தான். சிரிக்காமல் வேறென்ன செய்வது? பாதி டீயோடு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். அதைப் பார்த்த பிறகுதான் ஷாலுவுக்கு உறைத்தது. என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள், ரசத்தைச் சூடாகக் குடிக்கச் சொல்லிவிட்டு அவன் படியிறங்கிவிட்டான்.

அதற்கப்புறம் அவன் அடுப்பு மூட்டவில்லை. பரோட்டா பார்சலுக்கே திரும்பிவிட்டான். அந்தப் பெண் மேல் கோபம் வரவில்லை. பாவம், தன் பிழைப்பை அவள் பார்த்தாள். கோபப்படவாவது யாராவது இருந்திருந்தால் தேவலை என்றிருந்தது.

காய்ச்சல் தெளிந்து ஷாலு வேலைக்குத் திரும்பினாள். அன்று மத்தியானம் பத்தாம் நம்பரிடம் வழக்கமானதைக் கேட்டு முடித்தவள், அடுத்த நம்பருக்கு வந்ததும் தயங்கினாள்.

"கஸ்பார் அண்ணா," என்றாள். "ரசம் சூப்பரா இருந்துச்சு. இன்னிக்கு இன்னா ஆக்குனீங்கோ? நெஜமாதாண்ணா கேக்கறேன்."

நிஜமாகத்தான் கேட்டாள். கஸ்பாருக்கும் நம்ப ஆசையாகத்தான் இருந்தது. முடியவில்லை.

"முழிச்சிகினுதாம்மா கீறேன்," என்றான்.

பிறகு அவள் பன்னிரண்டைக் கூப்பிட்டாள்.