காலிக் கோட்டை

கேமராப் பையை அம்மாவின் மடியில் போட்டுவிட்டு, நர்ஸ் நீட்டிய பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு வேல்விழி தீக்காய வார்டுக்குள் ஓடினாள். மதுரை விமான நிலையத்திலிருந்து நேராக வந்திருந்தாள்.

அப்பா இருளாண்டி கொசுவலைக்குள் கிடந்தார். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் நேற்றுக் காலை பட்டாசு மருந்து கலக்கும் அறை வெடித்தபோது, உள்ளே இருந்த மூன்று பேரில் அவர் மட்டும்தான் மிஞ்சியிருந்தார். முகம் வீங்கிக் கண் இருந்த இடம் தெரியவில்லை. அந்நேரம் அவள் இலங்கையில், காலி நகரத்துக் கோட்டைக்குள் டச்சுக்காரர்கள் கட்டிய தேவாலயத்தில், சிவகாசி அச்சகத்தின் காலண்டர் ஆர்டருக்குப் படமெடுத்துக்கொண்டிருந்தாள். போனின் சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தாள். பதினேழு முறை கூப்பிட்டிருந்தார்கள்.

"அப்பா, வேலு வந்திருக்கேன்."

உதடு மட்டும் அசைந்தது. "படமெல்லாம் நல்லா விழுந்துச்சா, தாயி?"

அவள் டாக்டரிடம் திரும்பினாள். "சென்னைக்குக் கொண்டு போயிரலாமா சார்? எங்கன சொன்னாலும் கொண்டு போறேன்."

"பேசிட்டிருங்கம்மா," என்றார் அவர். "உங்க குரலுக்குத்தான் பதில் சொல்றாரு."

பேசினாள். கடலோரக் கோட்டைச் சுவரையும், சாயங்காலம் அதன்மேல் நடக்கிற சனத்தையும், வெள்ளைக் கலங்கரை விளக்கத்தையும் சொன்னாள். நிறுத்தினால் அவர் போய்விடுவார் என்று பயந்தாள்.

"சர்ச்சுத் தரை பூரா கல்லறைக் கல்லுப்பா. அந்தக் காலத்துல செத்த டச்சுக்காரங்க பேரெல்லாம் இன்னும் அழியல."

வெகுநேரம் கழித்துக் கேட்டார். "தரையிலயா? பேர மிதிச்சுக்கிட்டா போறாக?"

"நான் ஒதுங்கித்தான்ப்பா போனேன்."

கோணம் சரியாக அமைய, யாரோ ஒரு பெண்ணின் பெயர்மேல் கால்மணி நேரம் நின்றிருந்தாள்.

"அவுக ஆளுக யாரும்... வந்து பாப்பாகளா?"

யாரும் வந்து அவள் பார்க்கவில்லை.

"வருவாகப்பா. நேத்துக்கூட ஒரு வயசானவரு, பேத்தியக் கூட்டிக்கிட்டு அம்புட்டுத் தூரத்துலருந்து வந்திருந்தாரு. ஒவ்வொரு கல்லா வாசிச்சு, அவுக பேரக் கண்டுபிடிச்சு..."

இல்லாத மனிதருக்கு ஒரு தொப்பியைக் கொடுத்தாள், ஒரு ஊன்றுகோலைக் கொடுத்தாள், முட்டி வலியைக் கொடுத்தாள். அப்பாவின் மூச்சு நின்று, நர்ஸ் அவள் தோளில் கைவைத்தபோதும், கதைக்குள் அந்த வயசானவர் கல்லின் பக்கம் மெல்லக் குனிந்துகொண்டுதான் இருந்தார்.

அம்மா சோலையம்மாள் உள்ளே வந்தாள். முகத்தின் பக்கம் போகவில்லை. கால்மாட்டில் துணியை விலக்கினாள். பாதங்களில் தீ படவில்லை. முந்தானையை நனைத்துத் துடைத்தாள். பித்தவெடிப்புக்குள் ஏறியிருந்த, பட்டாசு மருந்தின் அலுமினியப் பொடி மினுங்கியது.

"இது போகாது," என்றாள்.

மறுபடியும் துடைத்தாள். வேல்விழி பாட்டில் தண்ணீரைச் சாய்த்துப் பிடித்தாள்.